பத்துக்கு முதுகு ஒன்பது

என் மேசை இழுப்பறையில் ஒரு காகிதம் இருக்கிறது. மூன்று முறை மடித்து உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியது. ஓரம் வெட்டப்படவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் ஓர் எண், ஒன்று முதல் பதினாறு வரை. விரித்தால் எண்கள் தாறுமாறாகக் கிடக்கும், பாதி தலைகீழாக. மடித்தால் தானாக வரிசைக்கு வந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். ஆசையாக வைத்திருக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்போது மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் வேலை பார்த்தேன். பக்கங்களின் ஃபிலிமை வரிசையாக ஒட்டி அச்சுக்குப் பிளேட் போடுவது என் வேலை. அச்சாகி வரும் தாளை மடிப்பது அவள் வேலை. கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா.

அச்சகத்தில் பதினாறைத் தவிர வேறு எண்ணுக்கு மரியாதை கிடையாது. ஒரு தாளை ஒரு முறை மடித்தால் நான்கு பக்கம், இன்னொரு முறை மடித்தால் எட்டு, மூன்றாம் முறை பதினாறு. பத்தைப் பாதியாக்கினால் ஐந்து, அதோடு முடிந்தது. பன்னிரண்டு மூன்றில் வந்து முட்டிக்கொள்ளும். பதினாறு மட்டும் எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று கடைசி வரை பின்னமில்லாமல் இறங்கும். பழைய ரூபாய்க்குப் பதினாறு அணா வைத்தவனும் இதைத்தான் யோசித்திருப்பான். கல்யாணத்தில் பதினாறும் பெற்று வாழ்க என்கிறார்கள். செத்தால் பதினாறாம் நாள் காரியம் செய்கிறார்கள். எங்களுக்கு இரண்டுமே அச்சு வேலை.

மடிப்பக்கா இதில் இன்னொன்றைப் பிடித்து வைத்திருந்தாள். விரித்த தாளில் புத்தகத்தின் முதுகாக வரும் மடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் பதினேழு. ஒன்றும் பதினாறும், நான்கும் பதின்மூன்றும், ஏழும் பத்தும். எட்டு ஜோடியும் அப்படியே. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மடித்து மடித்து அவளாகக் கண்டது. பத்து வருஷம் ஒட்டிய எனக்கு அது தெரியாது. கட்டுக்கு ஒரு தாளை உருவி, உதடு அசையக் கூட்டிவிட்டுத்தான் மடிக்க உட்காருவாள்.

தி.நகரில் நகைக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பெரியவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் கொடுப்பதற்கு நினைவு மலர் கேட்டார்கள். பதினாறு பக்கம். காரியத்துக்கு முந்தின நாள் காலை தாள் அச்சாகி வந்தது. மடிப்பக்கா ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நைனா, ஏழுக்குப் பக்கத்துல பதினொண்ணு நிக்குது. பதினெட்டு வருது. அந்தாண்ட ஜோடி பதினாறு வருது. இன்னான்னு பாரு."

"மடிக்கத்தான் உனக்குச் சம்பளம். கணக்குப் போட இல்ல. போ."

அவள் போன பிறகு பார்த்தேன். இதை ஒளிக்க மாட்டேன். பத்தையும் பதினொன்றையும் இடம் மாற்றி ஒட்டியிருந்தேன். மறுபடி அச்சடிக்க வேண்டுமென்றால் முதலாளியிடம் போய் நிற்க வேண்டும். நினைவு மலரை எவன் வரிசையாகப் படிக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

படித்தார்கள். பெரியவரின் மகள் அப்பாவுக்கு எழுதிய கடிதம் அந்த இரண்டு பக்கங்களில்தான் இருந்தது. மண்டபத்தில் பேத்தி அதை மைக்கில் வாசித்தாள். கடிதம் இருந்த இடத்தைத் திறந்ததும் இடதுபக்கம் இருந்தது பதினொன்று. கடிதத்தின் பின்பாதி. பாதி வாக்கியத்தில் ஆரம்பித்து, 'இப்படிக்கு உங்கள் மகள்' என்று முடித்துவிட்டு, அப்புறம் 'அன்புள்ள அப்பா' என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மகள் எழுந்து வெளியே போய்விட்டாளாம்.

மறுநாள் பெரியவரின் மகன் வந்து மலரை முதலாளி மேசையில் எறிந்தார். கத்தவில்லை. "எங்கப்பா காரியத்துல சிரிக்க வச்சிட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "யார் தப்புய்யா இது?" என்றார்.

"மடிப்புல தப்பு" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

மடிப்பக்காவைக் கூப்பிட்டு முதலாளி திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மெஷின்காரரும் பையிண்டரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மூன்று முறை மடித்தாள். ஓரத்தைத் தூக்கித் தூக்கி எண்களை எழுதி முதலாளி முன்னால் வைத்தாள்.

"மொதலாளி, பத்துக்கு முதுகு ஒம்போது. ரெண்டும் ஒரே காயிதத்தோட முன்னும் பின்னும். நான் மடிப்புல பத்தத் தூக்கி அந்தாண்ட போட்டா, ஒம்போதும் கூடவே போவும். போச்சா? அது எடத்துலயே கீது. பதினொண்ணுக்கு முதுகு பன்னண்டு. அதுவும் அசையல. அப்போ இன்னா, காயிதத்த பாதியா உரிச்சு மாத்தி ஒட்னேனா?"

பையிண்டருக்குச் சிரிப்பு வந்து திரும்பிக்கொண்டார். முதலாளி அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மைடப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே தொழிலில் முடி நரைத்தவர், புரியாமலா இருக்கும்? ஆனால் பிளேட் போடுகிறவன் போனால் மெஷின் நின்றுவிடும். மடிக்க இன்னொருத்தி கிடைப்பாள்.

"நாளையிலிருந்து வராதம்மா" என்று அவளிடம் சொன்னார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவள் மடிப்பைத் தேய்க்கும் மூங்கில் பட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள். போகும்போது அந்தக் காகிதத்தை எடுத்து மறுபடி மடித்து என் கையில் வைத்தாள். "வச்சிக்க நைனா. அடுத்த தபா கூட்டிப் பாரு."

அதன்பிறகு நான் போட்ட ஒவ்வொரு பிளேட்டையும் கூட்டிப் பார்த்தேன். ஒரு தப்பும் வரவில்லை. எனக்குக் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது சொந்தமாக அச்சகம் வைத்திருக்கிறேன். பக்கங்களைக் கம்ப்யூட்டர் அடுக்குகிறது, மெஷின் மடிக்கிறது. பதினேழு மாறவில்லை.

போன மாதம் காலையில் மீன் வாங்கக் குப்பத்துக்குப் போனேன். சங்கரா மீனைப் பரப்பிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். என்னை அவள்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னா நைனா, பதினேழு வருதா?"

"அக்கா, அன்னிக்குத் தப்பு என்னோடது."

"எனக்கு அன்னிக்கே தெரியும். மொதலாளிக்கும் தெரியும். தெரியாதவரு அந்தச் செத்துப்போன பெரியவரு ஒருத்தருதான்."

பக்கத்துக் கூடைக்காரி சிரித்தாள். மடிப்பக்கா சிரிக்கவில்லை.

"இங்க வந்து சொல்லிக்கினு கீற. மீனுக்கு இன்னா தெரியும்? என்னை நாலு பேரு முன்னால திட்னாங்கல்ல, அங்க சொல்லு. இப்போ மீன் வாங்கறியா, இல்ல வர்ற கிராக்கிய மறைச்சிக்கினு நிப்பியா?"

வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் சொன்னது நியாயம். ஆனால் முதலாளி இப்போது உயிரோடு இல்லை. அந்த அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. மெஷின்காரரும் பையிண்டரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன். நாலு பேராவது படிப்பார்கள்.

இன்று காலை இழுப்பறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்துக் கூட்டினேன். எட்டு ஜோடியும் பதினேழு. அன்று பத்தையும் பதினொன்றையும் மாற்றி ஒட்டியவன் நான். அவள் சரியாகத்தான் மடித்தாள்.