மயில் கழுத்து நிறத்துக்கு ஒரு கேமரா

சென்ற மாதம் கூரியரில் ஒரு புடவை திரும்பி வந்தது. மூன்றாவது புடவை. மூன்றும் ஒரே மாதத்தில்!

என் மனைவி சுமதி ஆரணிப் பட்டு விற்கிறாள். கடையெல்லாம் கிடையாது. அவள் அண்ணன் தறியில் நெய்ததை எங்கள் வீட்டு ஹாலில் விரித்து, போனில் படம் எடுத்து, தெரிந்தவர்கள் குரூப்பில் போடுவாள். கேட்டவர்களுக்கு அனுப்புவாள். அவ்வளவுதான் பிசினஸ்.

திருப்பி அனுப்பிய அம்மாள் கத்தவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்: “நிச்சயதார்த்தத்துக்கு வாங்கினேன்மா. படத்துல நீலமா இருந்துச்சு. வந்தது பச்சையா இருக்கு. உன்னை நம்பித்தானே வாங்கினேன்...”

கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அது மயில் கழுத்து நிறம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். கையில் எடுத்துத் திருப்பினால் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் போன் கேமராவுக்கு அதெல்லாம் புரியுமா? ஏதோ ஒரு நீலத்தை அப்பிவிட்டது.

“பேஜாரா கீதுங்க. இத்த நிறுத்திட்டு எங்கனா கடையில சேல்ஸுக்குப் போயிடலாம்னு தோணுது” என்றாள் சுமதி.

“அதெல்லாம் வேணாம். நல்ல கேமரா ஒண்ணு வாங்கிடலாம்” என்றேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தையைச் சொன்னபோது என் மனதில் புடவை இல்லை. நாரை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் ஏரிக்கரையில் இருப்பேன். பறவை பார்ப்பது என் பைத்தியம். சூப்பர்ஜூம் கேமரா இருந்தால், கரையில் நின்றபடியே நடு ஏரி நாரையின் கண்ணை எடுத்துவிடலாம். பல வருட ஆசை! ஒரு வாரம் ரிவ்யூ வீடியோக்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் யாராவது நிலாவின் பள்ளங்களைக் காட்டினார்கள். மயங்கிப்போனேன்.

“இது தூரத்துல இருக்கறதையும் எடுக்கும், கிட்ட இருக்கறதையும் எடுக்கும்” என்று சுமதியிடம் சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

வேலூரில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைப் பெண் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று நான் கேட்ட சூப்பர்ஜூம். இன்னொன்று சட்டைப் பையில் அடங்கிவிடும் குட்டி.

“இதுல ஜூம் கம்மி சார். ஆனா உள்ள வெளிச்சத்தை வாங்கற சென்ஸார் பெருசு. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் படம் தெளிவா வரும்.”

நான் எங்கே காதில் வாங்கினேன்? சூப்பர்ஜூமைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், தெருக்கோடி மருந்துக்கடை போர்டை எடுத்தேன். “பாரு சுமதி, சின்ன எழுத்துகூடத் தெரியுது!”

சுமதி பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளே — அந்த மயில் கழுத்துப் புடவை! மேஜைமேல் விரித்தாள்.

“ரெண்டுலயும் இத்த எடுத்துக் காட்டும்மா.”

அந்தப் பெண் கடை விளக்குக்கு ஏற்ப இரண்டிலும் நிற செட்டிங்கைச் சரிசெய்து எடுத்தார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். சூப்பர்ஜூமில் மடிப்புகளின் நிழலெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. ஜரிகை வெறும் மஞ்சள் பட்டை. குட்டியில்? மடிப்பின் மேட்டில் பச்சை, பள்ளத்தில் நீலம். ஜரிகை இழை இழையாக மின்னியது.

நான் ஒரு வாரம் ஆராய்ந்ததை அவள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

ஆனால் அவள் சொன்னது வேறு. “உங்களுக்கு அந்தப் பெருசுதான் ஆசைன்னா அதையே வாங்கிக்கலாங்க.”

வாரம் முழுக்க நிலாவைப் பார்த்து வாயைப் பிளந்தவனை, அதே வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாதா? வெட்கமாகப் போய்விட்டது. “குட்டியையே பில் போடுங்க” என்றேன். சூப்பர்ஜூமை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்தான். மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தக் குட்டியோடு ஏரிக்குப் போனேன். முழு ஜூம் போட்டும் நாரை ஓர் அரிசி அளவுதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

சுமதி படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “இது எந்த ஊருங்க?”

“நம்ம ஏரிதான்.”

தண்ணீர்மேல் பனி, பின்னால் மலையின் கோடு, பால் போன்ற வெளிச்சம். நாரையைத் தேடியதில் இதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை.

“காலையில இவ்ளோ நல்ல வெளிச்சமா அங்க? ஒருநாளும் சொன்னதில்லியே!”

சொன்னதில்லை. கூப்பிட்டதும் இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடம்.

அடுத்த வாரம் இருவருமாகப் போனோம். திரும்பி வந்த புடவையை இனி விற்பதில்லை என்று அவளே கட்டிக்கொண்டிருந்தாள். வெயில் பட்டதும் பட்டு நீலத்திலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும் ஓடியது. நான் எடுத்த அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டதும் நான்கு பேர் அதே நிறம் கேட்டார்கள். “ரெண்டு கலரும் மாறி மாறித் தெரியும், சம்மதமா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்ட பிறகே அண்ணனிடம் சொன்னாள். அவர் தறியில் புதுப் பாவு ஏற்றிவிட்டார்.

ஏரிக்கரையில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பழக்கதோஷத்தில் நான் தூரத்தில் நின்றே குறிபார்த்துக்கொண்டிருந்தேன். சுமதி சத்தம் போட்டாள்: “அங்கியே நின்னுகினு இன்னா பண்றீங்க? கிட்ட வாங்க... இன்னும் கிட்ட!”

போனேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நாங்கள் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை!