இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். கட்டுரை எழுதச் சொன்ன பெரியப்பா மகன், "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா, படிக்கிறவங்க மனசு நோகக் கூடாது" என்று கேட்டுக்கொண்டார். நல்லதை எழுதுகிறேன். நோகுமா நோகாதா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது.

அக்கா அவர்கள் அனகாபுத்தூரில், மழை பெய்தால் ஆறு எட்டிப் பார்க்கும் ஒரு சந்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் கூலி வேலை. அப்பா வருவதற்கு முன்னால் அவர் சட்டையின் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். அதைச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் அக்காவைக் கூப்பிடுவார்கள். அந்த வயிற்றெரிச்சலிலேயே படித்தார் என்று நினைக்கிறேன். டைப்ரைட்டிங் கற்று, பொத்தேரி தாண்டி ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைக் கட்டிக் கொடுத்தார். நான் கணவரை இழந்து வந்து நின்றபோது அஸ்தினாபுரம் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அந்த அறையில் ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் கவனித்துக்கொண்டிருந்தார். நல்லவர்தான். நல்லவர்களோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, ஊழியர்கள் எல்லோரும் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் அக்கம்பக்கத்து ஊர்களில் தொண்டு செய்ய வேண்டும், அவர்களை ஊக்குவிப்பது உங்கள் பொறுப்பு என்றது. அதைக் கேட்டு அக்கா பூரித்துப் போனார். பூரித்தது அவர் ஒருவர்தான். மேசை மேசையாகப் போய்க் கெஞ்சினார். "சார், பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். ஒரு வயசானவங்க பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசிட்டு வாங்க, அது போதும்." பேராசிரியர்களுக்குச் சனிக்கிழமை ஆனால் முதுகு வலித்தது. அலுவலகத்தில் இருந்தவர்களின் மாமியார்களுக்கு ஒட்டுமொத்தமாக உடம்பு சரியில்லாமல் போனது. முதல் வாரம் வேனில் போனது டிரைவரோடு சேர்த்து நான்கு பேர்.

பிறகு படிவம் வந்தது. ஒரு போட்டோவும் பொறுப்பாளரின் கையெழுத்தும் இருந்தால் பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணில் சேரும் என்றார்கள். அடுத்த வாரம் வேனில் இடமில்லை. முதுகுகளும் மாமியார்களும் ஒரே வாரத்தில் குணமானது அக்காவின் சாதனைதான்.

கையெழுத்து போடுவதில் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடியும்வரை காத்திருக்க மாட்டார். வேனை விட்டு இறங்கியதுமே எல்லோர் படிவத்திலும் இரண்டு மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுவார்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா?" என்று கேட்டேன்.

"மொதல்லயே நம்பிட்டோம்னு வையி, மனுஷனுக்கு ஒரு கூச்சம் வரும்டி. அந்தக் கூச்சத்துல நின்னு செய்வான்."

சிலருக்குக் கூச்சம் வந்தது. மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள்.

ஆறு ஊருக்குள் புகுந்த வருடம், நாங்கள் பிறந்த அதே சந்துக்கு ஊழியர்களைச் சேறு அள்ள அழைத்துப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். நாலைந்து பேர் நன்றாகவே அள்ளினார்கள். ஒரு வீட்டைக் கழுவியும் விட்டார்கள். போட்டோக்காரர் அப்புறம்தான் வந்து சேர்ந்தார். சுத்தமான வீட்டில் என்னத்தை எடுப்பது? ஒரு பேராசிரியர் இரண்டு கூடைச் சேற்றைக் கொண்டுவந்து மறுபடி உள்ளே கொட்டச் சொன்னார். அந்த வீட்டுக்காரம்மா அலறினார். "இன்னாம்மா அநியாயமா கீது! கய்வி வுட்ட வூட்ல சேத்த கொட்டிகினு கீறாங்க?"

"ஒரு நிமிஷம்தான்க்கா, பொறுத்துக்க" என்றார் அக்கா. வேன் கிளம்பிப் போன பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றை அள்ளியது அக்காவும் நானும். "இவங்க யாரும் உருப்படப் போறதில்ல" என்றேன். "அடுத்த வாரம் வருவாங்க பாரு" என்றார். வந்தார்கள், புது பேனரோடு.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நாக்கு குழறியது. ஆனால் கஞ்சியில் உப்பு இல்லை என்பதை மட்டும் குழறாமல் சொல்வார். ஏழு மாதம் நான் தெருமுனையைத் தாண்டவில்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் வாரத்தில் ஒருநாள், இரண்டு மணி நேரம், அக்கா பக்கத்தில் உட்கார ஓர் ஆள். உங்களில் பலரைக் கேட்டேன். நினைவிருக்கும். ஒருவர் வீடியோ காலில் வருகிறேன் என்றார். ஒருவர் ஒரு கூடை ஆப்பிள் அனுப்பினார். மெல்ல முடியாதவருக்கு ஆப்பிள்!

வேறு வழியில்லாமல் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். "மேடத்துக்குச் செய்யாம வேற யாருக்கு செய்யப் போறோம்?" என்று உருகினார்கள். அடுத்த சனிக்கிழமையே பேனரோடு வந்தார்கள். அக்காவுக்குத் தலை வாரி, முகத்தைக் கேமரா பக்கம் திருப்பி, ஒரு கரண்டி கஞ்சியை வாயருகில் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போட்டோ விழுந்ததும் கரண்டி கிண்ணத்துக்குப் போய்விட்டது. இத்தனையிலும் அக்கா, "என் மொகம் தெரியுதா? தெரியலன்னா மார்க் வராது, இன்னொண்ணு எடுத்துக்க" என்றார். இப்போது படிவத்தில் உதவி பெற்றவர் கையெழுத்து வேண்டும்; இரண்டு மணி நேரம் என்று வலது கையால் எல்லோருக்கும் முன்கூட்டியே அதையும் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருந்தாலும் மூன்று வாரம் யாரோ ஒருவர் ஒரு மணி நேரமாவது இருந்தார். நான்காம் வாரம் ஓர் உதவிப் பேராசிரியரும் நூலகத்து அம்மா ஒருவரும் வந்தார்கள். அவர்களை நம்பி வெளியே போனேன். தாம்பரத்தில் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர்கள் கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். தண்ணீர் சொம்பு அக்காவுக்கு எட்டவில்லை. எட்டி எடுக்கப் பார்த்து, கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். நான் திரும்பி வர மூன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அவர் தரையிலேயே கிடந்தார்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஓடி வந்து தூக்கிப் படுக்க வைத்தார். "அக்கா, கால் ஒரு மாதிரியா திரும்பிகினு கீது. உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது. நான்காம் நாள் சளி கட்டி மூச்சு நின்றது.

காரியம் முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே இருந்த அதிகாரி படிவத்தை எடுத்துக் காட்டினார். "ரெண்டு மணி நேரம்னு மேடமே சைன் பண்ணியிருக்காங்களே, மேடம்." கையெழுத்து அக்காவுடையதுதான்.

இனி நன்றி. தொண்டுத் திட்டத்துக்கு அக்காவின் பெயரை வைத்து, நல்ல போட்டோ ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகத்துக்கு நன்றி. அக்காவை எடுத்த அன்று காலையிலிருந்து மாலைவரை நாற்காலியை விட்டு நகராத உறவினர்களுக்கு நன்றி. அதில் இரண்டு மணி நேரத்தைத்தான் ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி. அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போன இருவருக்கும் நன்றி. உங்களில் யாரையும்விட அவர்கள் கால் மணி நேரம் அதிகம் இருந்தார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குரோம்பேட்டையில் ஓர் ஓட்டலில் என் பள்ளித் தோழிகள் கூடியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் கிளம்பியிருக்கலாம். சிரிப்பு நிற்கவில்லை, ஐஸ்கிரீம் வேறு சொன்னார்கள், உட்கார்ந்துவிட்டேன். வயிறு முட்ட வீட்டுக்கு வந்தேன்.

ஆட்டோக்காரர் போனதும் அக்கா கேட்டார்: "டோக்கன் லேட்டா குடுத்தானாடி? சாப்டியா?"

"இல்லக்கா, இன்னும் சாப்பிடல" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ மொதல்ல சாப்புடு. அப்பறம் டாக்டரப் பாக்கலாம்."

பொய் வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பசித்தவள் மாதிரி அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். தட்டு காலியாகும் நேரத்தில், "இன்னும் கொஞ்சம் போட்டு மோர் ஊத்திக்க" என்றார். போட்டு, ஊற்றிக்கொண்டேன்.