மூன்றாம் ஷிஃப்டு மீன்

ஓசூருக்குக் கடலைக் கொண்டுவந்த மனிதர் என்று லால் பாஷாவைத் தொழிற்சாலையில் கேலி செய்வார்கள். அதில் பாதி உண்மை. சென்னைக்குச் சரக்கேற்றிப் போகும் லாரிக்காரர்கள், திரும்பும்போது அவருக்காகக் கேன்களில் கடல்நீர் நிரப்பி வருவார்கள். மத்திகிரி வாடகை வீட்டின் முன்னறையில், அந்த நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டிக்குள், மணலுக்கும் பவளக் கற்களுக்கும் நடுவே அவர் வளர்த்தது ஒரே ஒரு மீன். பெங்களூர்க் கடைக்காரர் அதை ‘ராஸ்’ என்று சொல்லி விற்றார். பச்சை உடலில் ஆரஞ்சுக் கோடுகள். யார் வம்புக்கும் போகாத சாது. நாள்தோறும் சூப்பர்வைசரின் கூச்சலைக் கேட்டுவிட்டு வரும் லால் பாஷாவுக்கு, வாயைத் திறந்தும் சத்தம் போடாத அந்தப் பிராணியைப் பார்த்தால்தான் உயிர் வரும்.

மீனுக்கு ஒரு வழக்கம் உண்டு. இருட்டினால் மணலுக்குள் புதைந்து உறங்கும், விடிந்தால்தான் எழும். அந்த மாதம் முழுவதும் லால் பாஷாவுக்கு மூன்றாம் ஷிஃப்டு. காலையில் வந்து, சன்னலைக் கம்பளியால் மூடிவிட்டு, தொட்டி இருந்த அறையிலேயே படுத்துவிடுவார். மாலை நான்கு மணிக்கு அவர் எழுந்து டியூப்லைட்டைப் போடும்போதுதான் மீனுக்குப் பொழுது விடியும். அவர் வேலைக்குப் போனபின் மனைவி வஜிஹா விளக்கை அணைப்பாள். மீன் மீண்டும் மணலுக்குள் போய்விடும்.

உப்புநீர் சுவரை அரித்துவிடும் என்று வீட்டுக்காரர் கங்கப்பனிடம் யாரோ ஓதிவிட்டார்கள். ஒரு ஞாயிறு முற்பகலில் அவர் வந்து நின்றார்.

“ஏனப்பா பாஷா, தொட்டிய எடு. இல்லாட்டி வீட்டக் காலி பண்ணு.”

“ஒரே ஒரு தரம் மீனப் பாருங்கண்ணா. அப்புறமா உங்க இஷ்டம்.”

லால் பாஷா கம்பளியை விலக்கி விளக்கைப் போட்டார். கங்கப்பன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தார்.

“கல்லுக்கா தண்ணி ஊத்தி வளக்கற?”

“மீனு மணலுக்குள்ள தூங்குதுங்கண்ணா.”

“மண்ணுக்குள்ள தூங்கறது மண்புழுப்பா. சரி, எழுப்பு.”

“எழுப்புனா பயந்துக்கும். லைட்டப் போட்டாலும், பழகுன நேரம் நாலு மணிக்குத்தான் தானா எந்திரிக்கும்.”

“ஞாயித்துக்கெழம கூடவா?”

“அதுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாதுங்களே.”

“அப்ப நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். மீனு வரலன்னா தொட்டி வெளிய போயிரணும்” என்று கங்கப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

சாப்பாட்டு வேளையும் வந்தது. உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு உண்பது எப்படி? வஜிஹா பிரியாணித் தட்டை நீட்டினாள். அவர் மறுக்கவில்லை. இரண்டாம் முறையும் மறுக்கவில்லை. சமையலறையில் அவள் கணவனின் காதருகே பல்லைக் கடித்தாள்: “மீனு இருக்குதோ இல்லியோ, கறி இல்லீங்க.”

உண்ட களைப்பில் கங்கப்பன் நாற்காலியிலேயே குறட்டைவிடத் தொடங்கினார். மணி நான்கானது. அவர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே மணல் மெல்ல அசைந்தது. முதலில் ஒரு மூக்கு. பிறகு பச்சையும் ஆரஞ்சுமாய் முழு உடல். லால் பாஷா கங்கப்பனை எழுப்பப் போய்ப் பாதியில் நின்றார். உரக்கக் கூப்பிட்டால் மீன் மறுபடி புதைந்துகொள்ளும். கூப்பிடாவிட்டால் தொட்டி போய்விடும். வஜிஹாதான் வழி கண்டாள். சூடான டீயைக் கொண்டுவந்து கங்கப்பனின் மூக்குக்கு நேரே பிடித்தாள். குறட்டை நின்றது, கண் திறந்தது. எதிரே, கண்ணாடியை ஒட்டி, மீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மீன் இடப்பக்கம் போனால் அவர் தலையும் இடப்பக்கம் போயிற்று.

“தேவரே! என்னா கலருப்பா!” என்றார் கடைசியில், கடவுளைக் கன்னடத்தில் கூப்பிட்டு. “சுண்ணாம்பு அடிக்கறப்ப சுவத்த நான் பாத்துக்கறேன். தொட்டி இருக்கட்டும்.”

லால் பாஷாவுக்கு மூச்சு வந்தது. “ரொம்ப சந்தோஷங்கண்ணா. நாளையிலருந்து எனக்கு மொத ஷிஃப்டு. இனிமே காலையிலயே லைட்டப் போட்டு, கொஞ்சங்கொஞ்சமா மீனையும் மாத்திருவேன். நீங்க காலையில வந்தே பாக்கலாம்.”

கங்கப்பனின் முகம் மாறியது.

“காலையில எனக்கு மாட்டு வேல தலைக்கு மேல கெடக்குது. நீ எந்த ஷிஃப்டுக்கு வேணும்னாலும் போப்பா. மீனு மட்டும் இதே ஷிஃப்டுலயே இருக்கட்டும். நாலு மணிதான் எனக்குத் தோது.”

அன்றுமுதல் அந்த முன்னறையில் மாலை நான்கு மணிவரை சன்னல் கம்பளி விலகவேயில்லை. வஜிஹா இருட்டில் துழாவித்தான் வீடு பெருக்கினாள். நான்கு மணிக்கு மீனும் கங்கப்பனும் தவறாமல் வேலைக்கு வந்தார்கள். இருவரில் ஒருவருக்கு மட்டும்தான் டீ.