நல்ல பக்கம் கீழே

என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு செரிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவர் கவலை. இடது கை கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்தால்தான் செரிக்கும் என்பது அவர் வீட்டுப் பழக்கம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பொழிச்சலூர் வீட்டில் கட்டிலின் இடப்பக்கம் சுவர். அவர் சுவரைப் பார்த்துத் தூங்குவார், நான் அவர் முதுகைப் பார்த்துத் தூங்குவேன். தலைக்கு மேல் விமானம் இறங்கினாலும் அந்த முதுகு அசையாது.

போன மழைக்காலத்தில் அவருக்கு இடது நுரையீரலில் நிமோனியா வந்தது. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்சிஜன் வைத்தும், விரலில் மாட்டிய கருவியில் எண் தொண்ணூறைத் தொடவில்லை. இப்படியே இருந்தால் சாயங்காலம் ஐசியூவுக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கே நான் கூட இருக்க முடியாது.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், பிறகு இவர் படுத்திருந்த லட்சணத்தைப் பார்த்தார். அங்கேயும் இடது கைதான் கீழே.

“ரத்தம் எப்பவும் கீழ்ப்பக்கம்தாம்மா அதிகமா இறங்கும். இவருக்கு இடது பக்கம் அடைச்சுகிட்டு காத்தே போகல. அங்க போற ரத்தம் வெறுங்கையோட திரும்புது. வலது பக்கம் நல்லா இருக்கு, அதைக் கீழ வைங்க. காத்தும் ரத்தமும் ஒரே இடத்துல சந்திக்கணும்.”

ரயிலை விட்டு இறங்கும் கூட்டமெல்லாம் மேற்குத் தாம்பரத்திலும், பஸ்ஸெல்லாம் கிழக்கிலும் நின்றால் யார் வீடு போய்ச் சேர்வது? எனக்குப் புரிந்துவிட்டது. அவர் உடம்புக்குத்தான் புரியவில்லை. வலது பக்கம் திருப்பிவிட்டால், கண் அயர்ந்ததும் பழையபடி புரண்டுவிடுவார்.

“இன்னாம்மா, சார் மறுபடியும் அந்தப் பக்கமே பட்துகினாரே!” என்றார் வார்டு ஆயா.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கட்டிலுக்கு வலப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவரைத் திருப்பி, இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“செரிக்காட்டி போகட்டும். என்னைப் பார்த்துப் படுங்க.”

படுத்தார். அப்படியே தூங்கியும் போனார். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இத்தனை வருஷத்தில் அவர் தூங்கும் முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. யாரோ கடினமான கேள்வி கேட்டுவிட்டது போல் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தூங்குகிறார் மனிதர். எனக்கு அவ்வளவு பிரியமாக இருந்தது. சாயங்காலம் அவரை எங்கும் மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்தோம், நுரையீரலும் தெளிந்துவிட்டது. இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்கலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். அன்றைக்கு முதுகைப் பார்க்கத் தயாராகத்தான் படுத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“சாப்பாடு செரிக்குமா?” என்றேன்.

“செரிக்கறப்ப செரிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.