டிஃபிராக் ஓடிய இரண்டு மணி நேரம்

கள்ளக்குறிச்சியில் நான் வைத்திருக்கும் போட்டோ ஸ்டுடியோவில் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் யோசித்துக்கொண்டே நிற்கும். அதற்கு மாதம் ஒருமுறை டிஃபிராக் ஓட்டுவேன். ஹார்டு டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதையெல்லாம் வாரி ஒரே வரிசையில் அடுக்கும் வேலை அது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

அன்றும் காலையிலேயே ஓட விட்டிருந்தேன். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் ஒருவர் வந்தார். மனைவி இறந்து பத்து நாளாம். இரண்டு மாதம் முன்பு மகளிர் குழுவுக்காக அந்த அம்மா என்னிடம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்திருக்கிறார்.

"அத்தப் பெருசு பண்ணிக் குடுங்க. அவளுக்கு வேற போட்டா இல்லீங்க. ஆதார் கார்டுல மூஞ்சே தெரில. நாளன்னிக்கிக் காரியம், படம் வெச்சித்தான் படைக்கணும்."

டிஃபிராக் ஓட இடம் வேண்டுமே என்று பழைய பாஸ்போர்ட் படங்களை அன்று காலைதான் மொத்தமாக அழித்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது. நான் சிரித்தேன்.

"கவலப்படாதீங்க. அழிச்சாலும் உள்ளதான் இருக்கும், மீட்டுக் குடுக்கறேன். இது முடியட்டும், பாதியில நிறுத்தக் கூடாது."

"இது இன்னாங்க பண்ணுது?"

"எல்லாத்தையும் அடுக்கிக்கினு இருக்குது. அப்பறம் மிஷினு வேகமா ஓடும்."

இரண்டு மணி நேரம். டீ வாங்கிக் கொடுத்தேன். திரையில் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நீலமாகி வரிசையில் சேர்ந்தன. காலிக் கட்டங்கள் நிரம்ப நிரம்ப நான் பெருமையாக விளக்கம் வேறு சொன்னேன். அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மீட்கும் சாப்ட்வேரைப் போட்டேன். அவர் சொன்ன தேதியில் ஒரே ஒரு படம் அகப்பட்டது. திறந்தேன். பின்னால் நீலத் துணி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நடு வகிடு, நெற்றிப் பொட்டின் மேல் விளிம்பு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கண் இல்லை. வாய் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழித்த படம் கிடந்த இடத்தைக் காலி என்று எடுத்துக்கொண்டு, டிஃபிராக் வேறு எதையோ தூக்கி அதன் மேல் வைத்துவிட்டது. அவர் வந்த நிமிஷமே நிறுத்தியிருந்தால் முகம் கிடைத்திருக்கலாம். எங்கள் இருவர் கண்ணெதிரில், நான் விளக்கம் சொல்லச் சொல்ல, அந்த அம்மாவின் முகம் போயிருக்கிறது. படத்தை மூடி மூடித் திறந்து பார்த்தேன்.

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"வகிடு அவளுதாங்க. இத்தயே போட்டுக் குடுங்க."

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. கோழை நான். அவர் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசல் வரை போய், மரியாதைக்குக் கேட்பதுபோல் திரும்பிக் கேட்டார்.

"மிஷினு இப்ப வேகமா ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க," என்றேன். உண்மையாகவே ஓடியது. அந்தப் பாதிப் படம்கூடக் கிளிக் செய்த நொடியிலேயே திறந்திருந்தது.