பாரிமுனையில் வாங்கிய வளையம்

அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றிவிட்டது என்பது, கீழ்வீட்டுக்காரர் ஒரு வேலைநாளின் நடுப்பகலில் லுங்கியோடு வாசலில் நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருக்கு ஒரு சிறிய பட்டறை. குடிநீர்க் குழாய்களுக்கான பித்தளை வால்வுகளைச் செய்து, ஓர் ஏற்றுமதிக்காரர் மூலம் அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வரி ஏறியதும் ஏற்றுமதிக்காரர் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். லேத்துகள் நின்றன. ஆட்களை அனுப்பிவிட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்பதால், அவர்களைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தார்.

அப்போதுதான் குடிநீர்த் திட்டம் ஒன்றுக்கு வால்வு வாங்க அரசு டெண்டர் வந்தது. பொருளின் மதிப்பில் பாதிக்கு மேல் இந்நாட்டில் உருவானதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வார்ப்பு கோயம்புத்தூரிலும் கடைசல் அம்பத்தூரிலும் செய்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தானே படிவங்களைப் பூர்த்தி செய்து போட்டார். விலைப்புள்ளிகளைத் திறந்தபோது பூந்தமல்லிப் பக்கத்துக் கிடங்குக்காரர் ஒருவர் எல்லோரையும்விடக் குறைந்த விலையோடு முதலில் நின்றார். அவர் சீனாவிலிருந்து முழு வால்வாக இறக்கி, இங்கே அட்டைப்பெட்டியை மட்டும் மாற்றுகிறவர் என்பது எஸ்டேட்டில் டீ குடிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். ஆவடியில் ஓர் அரசுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. பொய்யான உள்நாட்டுச் சான்றை எதிர்த்துப் புகார் கொடுக்க ஒரு நடைமுறை உண்டு. அதற்குக் கட்டணம் உண்டு, கட்டணத்துக்கு ரசீது உண்டு, ரசீது தொலைந்தால் அதற்கும் ஒரு நடைமுறை உண்டு. கிடங்குக்காரர் இணையத்தில் ஏற்றியிருந்த ஆவணங்களை வரிவரியாகப் படித்து, அழகான ஒரு புகாரை எழுதிக் கொடுத்தேன். பட்டறையின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மனைவி, எதற்கு வம்பு என்று இழுத்தார். புகார் கொடுத்தவரையும் சேர்த்துத்தான் ஆய்வு செய்வார்கள், அதுதான் நடுநிலை, நம்மிடம் மறைக்க ஒன்றுமில்லையே என்று நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது.

ஆய்வுக் குழு முதலில் கிடங்குக்குப் போனது. அங்கே லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. முந்தின நாள் மாலை குட்டியானைச் சரக்கு வண்டிகளில் அவற்றை ஏற்றிவந்து இறக்கியதாக, வண்டி ஓட்டியவரே டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். இயந்திரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் படிவத்தில் கட்டம் இருக்கிறது. என்று வந்தது என்று கேட்கக் கட்டம் இல்லை.

மறுநாள் குழு அம்பத்தூருக்கு வந்தது. நானும் போயிருந்தேன். ஆய்வு அதிகாரி மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியோடு கிளம்பும் நேரத்தில், மேசையின் மேல் இருந்த ரப்பர் வளையப் பெட்டியைத் திருப்பினார். பெட்டி முழுக்கச் சீன எழுத்து. வால்வில் நீர் கசியாமல் அடைக்கிற சின்ன வளையம் அது. கீழ்வீட்டுக்காரர் டெண்டருக்குக் கொடுத்த படிவத்தில் அதற்கு நேரே 'உள்நாடு' என்று எழுதியிருந்தது.

கீழ்வீட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை, புரியவில்லை. "இன்னா சார் இது. பாரிமுனைல கட வச்சிக்கினு கீறான், நம்மூர் ஆளு. ஜிஎஸ்டி பில்லு குட்த்தான். அப்பால அது எப்டி சார் சைனா ஆவும்?"

"கடை உள்ளூர்ங்க. வளையம் உள்ளூர் இல்லையே" என்றார் அதிகாரி.

வளையத்தைக் கழித்துவிட்டாலும் உள்நாட்டுப் பங்கு பாதிக்கு வெகு மேலேதான் நிற்கும் என்று நான் குறுக்கிட்டேன். அதிகாரி மறுக்கவில்லை. பங்கு தாராளமாகப் போதும், ஆனால் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிட்டது, அதற்குத் தனி விதி இருக்கிறது என்றார். எனக்கும் அந்த விதி தெரியும். பதவியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

கீழ்வீட்டுக்காரர் இரண்டு ஆண்டுகளுக்கு எந்த அரசு டெண்டரிலும் கலந்துகொள்ளக் கூடாது என்று ஆணை வந்தது. மேல்முறையீடு எழுதினேன். பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது என்று ஒற்றை வரியில் பதில். அதை வாங்கிப் படித்துவிட்டு அவருடைய மனைவி என்னைப் பார்த்தார்.

"ஊரான் பேப்பரையெல்லாம் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தீங்களே சார். எங்க பேப்பரை ஒருவாட்டி பாத்திருக்கலாம்ல?"



ஆர்டர் கிடங்குக்காரருக்கே போனது. ஆனால் ஆய்வு அவருக்கும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. அடுத்தடுத்த ஆய்வுகளுக்கு லேத்துகளை வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது. ஓடுகிற பட்டறை ஒன்று வேண்டும், ஆட்களோடு. அவருடைய ஆள் அம்பத்தூருக்கு வந்து பேசினான். டெண்டர் போடத்தான் தடை, கூலிக்கு வேலை செய்யத் தடையில்லை.

கீழ்வீட்டுக்காரர் இப்போது லுங்கியோடு வாசலில் நிற்பதில்லை. ஒருநாள் பட்டறைக்கு வரச் சொல்லி என்னை அழைத்தார். எல்லா லேத்துக்கும் ஆள் இருந்தது. சீனாவிலிருந்து வந்த வால்வுகளில் வார்ப்போடு பதிந்திருந்த நாட்டுப் பெயரை ஒருவன் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் இரண்டு துளை போட்டான். இன்னொருவன் அதில் கிடங்குக்காரரின் பெயர்த்தகட்டைத் திருகினான்.

இந்த வால்வுகளுக்கான உள்நாட்டுச் சான்றை என்னிடம் நீட்டி, "இது சட்டப்படி கரீட்டா கீதா பாருங்க சார். இன்னொருவாட்டி மாட்டிக்க முடியாது. பசங்க கீறாங்க" என்றார்.

படித்தேன். துளைக் கூலி, மின்சாரம், வாடகை, காவலாளி சம்பளம் எல்லாம் கூட்டி, பொருளின் மதிப்பில் பாதிக்கு மேல் உள்நாட்டிலேயே உருவானது என்று ஆடிட்டர் கையெழுத்திட்டிருந்தார். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

தலையாட்டிவிட்டு, அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போனார்.