பெரிய மாமாவுக்கு ஒரு பக்கம்

கிர்கிஸ்தானில் நாரின் என்கிற ஊரில் அனிபாவை வேதியியல் டீச்சராகத்தான் எல்லோருக்கும் தெரியும். கிர்கிஸ் மொழி இணையக் கலைக்களஞ்சியத்தில் எந்தப் பக்கம் இருக்கலாம், எதை நீக்கலாம் என்று முடிவு சொல்கிற நிர்வாகிகளில் அவளும் ஒருத்தி என்பது, பெரிய மாமா விவகாரம் கிளம்பும்வரை வீட்டுக்கே தெரியாது. சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

பெரிய மாமா அவள் மாமனாரின் அண்ணன். கால்நடை வைத்தியம் பார்த்துக்கொண்டே இரண்டு கதைப் புத்தகம் போட்டவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எண்பதாம் வயது விருந்து. அவரைப் பற்றிய பக்கத்தை விருந்துக் கூடாரத்தில் பெரிய திரையில் காட்டுவதாகச் சொந்தக்காரர்கள் வாக்குக் கொடுத்துவிட்டு, அவசர அவசரமாக எழுதி ஏற்றியும் விட்டார்கள். கிழவர் அதற்கென்றே புதுத் தொப்பி வாங்கிவிட்டார். தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கிற இன்னொரு நிர்வாகி எல்தியார், மறுநாளே அதை நீக்கலாமா என்று விவாதம் தொடங்கிவிட்டான்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குதிரைத் தரகர், லாரி டிரைவர், சம்பந்தி வீட்டார் என்று ஆளாளுக்குக் கணக்குத் திறந்து, "எங்கள் குலத்தின் பெருமை! பக்கம் இருக்கட்டும்!" என்று எழுதித் தள்ளினார்கள். எல்தியாருக்கு ஆடு அறுத்து விருந்து வைப்பதாகக்கூட ஒருவர் எழுதினார். ஒருத்தராவது அந்தப் புத்தகங்களைப் புரட்டியிருந்தால்தானே! அனிபாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எல்தியார் போன் செய்தான். "அக்கா, இது என்ன தேர்தலா? வெளியாள் யாராவது அவரைப் பத்தி எழுதினதை ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன்."

"தேடறேன் தம்பி. உயிரை வாங்காதே."

நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே தும்மித் தும்மித் தேடினாள். கிடைத்தது! பாதிப் பக்கத்துக்கு ஒரு விமரிசனம். குட்டியைப் பறிகொடுத்த குதிரையின் கதையை வரி வரியாக எடுத்துக் காட்டி உருகியிருந்தது. ஆனால் எழுத்தாளர் பேர்? மேலிருந்து கீழ்வரை "மேல்வீட்டு மூத்தவர்", "மேல்வீட்டு மூத்தவர்" என்றேதான். எழுதியவள் காலிபா, அந்த வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள். புகுந்த வீட்டு மூத்தவர் பேரை மருமகள் சொல்லவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள். அட மகராசி! கதையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்றாலும், எழுதியவள் சொந்தக்காரி. செல்லாது.

எல்தியாரிடம் சொன்னாள். அவன் விவாதத்தைத் திறந்து மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டான். "நீங்களும் விவாதத்துல எங்கேயும் அவர் பேரை எழுதலியே அக்கா. நீங்க என்ன, அந்த வீட்டு மருமகளா?"

"ஆமாம்டா. இப்ப என்ன?"

"அப்ப அவர் உங்களுக்கு என்ன உறவுன்னு பேரோட எழுதுங்க. முடிவையும் நீங்களே சொல்லுங்க, நான் குறுக்கே வரல. துணை மேயரோட அண்ணன் பக்கத்தை எந்த விதியை வச்சு நீக்கினீங்க? அதே விதிதானே?"

அனிபாவுக்குச் சுருக்கென்றது. துணை மேயரின் அண்ணன் போனிலேயே அழுதார், அவள் மசியவில்லை. இப்போது தன் வீட்டாள் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வதா? எழுதினாள். நீக்கினாள். விருந்தில் எல்லோர் முன்னாலும் அவமானப்படுவதைவிட முன்கூட்டியே தெரியட்டும் என்று தானே சொல்லப் போனாள். விஷயம் தெரிந்த மாமியார் பாதினா திட்டிக்கொண்டே கூட வந்தாள்.

கிழவர் பாலூற்றிய தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலையில் புதுத் தொப்பி.

"பக்கம் இனிமே இல்ல, பெரிய மாமா. நான்தான் நீக்கினேன்."

"அதுமட்டுமா? உங்க பேரை வேற எழுதியிருக்கா, வெக்கங்கெட்டவ!" என்றாள் பாதினா.

கிழவர் கையமர்த்தினார். "என் பேரையா எழுதினே? என்னன்னு எழுதினே? படி."

அனிபா போனை எடுத்தாள். "கல்மூர்ஸா ஜந்தாயேவ் என் கணவரின் பெரியப்பா. இவர் கதைகள் நல்ல கதைகள். வெளியார் யாரும் இவரைப் பற்றி எழுதவில்லை. பக்கத்தை நீக்குகிறேன்."

"ரெண்டாவது வரியை இன்னொரு தடவை படி."

"இவர் கதைகள் நல்ல கதைகள்."

"நிஜமாவா? படிச்சியா?"

"ரெண்டு புத்தகமும் படிச்சேன். குதிரைக் கதைக்கு அழுதுட்டேன்."

"குலம் குலம்னு கத்தறானுங்களே, ஒருத்தனும் இதை எங்கிட்டச் சொன்னதில்லையே!" கிழவர் கிண்ணத்தை ணங்கென்று வைத்தார். "அப்புறம் ஏம்மா நீக்கினே?"

விதிகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். அவள் கிண்ணத்தை எடுத்து அவருக்கு மறுபடி தேநீர் ஊற்றினாள்.